ஒன்பதாவது உறுப்பினர்

குழுவில் படிப்பாளி அல்லாத ஒருவர் வேண்டும்,
விதியில் இருக்கிறதாம்.
பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற என்னைப் பிடித்தார்கள்.
மனித ஆய்வு நெறிக் குழு, பொதுமக்கள் தரப்பு.
கூட்டத்துக்கு ஐந்நூறு ரூபாய், டீ, இரண்டு வடை.
அன்றைக்குக் கடையில் மச்சினன் இருப்பான்;
டோனரைக் கொட்டாமல் இருந்தால் லாபம்.

ஒப்புதல் படிவம் எனக்குப் புதிதல்ல.
பதினோரு வருஷமாக நகலெடுக்கிறேன்.
"எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்" என்கிற வரி
மூன்றாம் பக்கத்தில் அடியோரம் வரும்.
யார் வாசிக்காவிட்டாலும்
கண்ணாடிக்குக் கீழே ஓடுகிற வெளிச்சம்
ஒரு தடவை வாசித்துவிடும்.

நேற்று ஜெபக்கனியின் கோப்பு.
"இதில் யாருக்காவது சொந்தம், பந்தம், லாபம்?"
தலைவர் வழக்கம்போல் கேட்டார்.
வழக்கம்போல் ஒன்பது தலைகள் இல்லை என்று ஆடின.

முக்கூடலில் பீடி சுற்றுகிற அறுபது பெண்கள்.
குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்திருக்கிறாள்.
கையெழுத்து இருபத்திரண்டு,
மீதியெல்லாம் பெருவிரல்.

தலைவர் படிவங்களைச் சீட்டுபோல் விரித்தார்.
"எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே.
ஒரே விரலா?"
வக்கீலம்மா பேனாவை மூடினார்.
வெளியே பெஞ்சில்
மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஜெபக்கனி,
பைக்குள் நாலு வருஷம்.

வாங்கிப் பார்த்தேன்.
ஊதா வட்டம். சுழி இல்லை, வரி இல்லை.
மையில் தோய்த்த புளியங்கொட்டையை
வைத்து எடுத்ததுபோல் மொழுக்கென்று.

"சார், இது ஒரே விரல் இல்ல. பீடி சுத்துற விரல்.
இலைய உருட்டி உருட்டி ரேகை தேஞ்சிரும்.
எங்க வீட்டுலயும் அப்படித்தான்,
ரேசன் கடை மிஷினு 'மறுபடி வைக்கவும்'னே சொல்லும்.
முந்தானையில தொடச்சுத் தொடச்சு வைப்பா.
கடைசில பையன் விரல வச்சு அரிசி வாங்கியாருவோம்."

யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பை விழுங்கினார்கள்.
"அப்படியானால் சரி" என்று
தலைவர் அடுத்த கோப்புக்குக் கை நீட்டினார்.

நான் இதைக் கீழே வைக்கவில்லை.
மு–17. வயது நாற்பத்தொன்று.
வட்டத்தின் ஓரத்தில் பிறையாக ஒரு வெள்ளை,
கத்தரி பட்ட தழும்பு.
பெயர் இல்லை.
"உங்கள் அடையாளம் எங்கும் வெளிப்படாது"
என்று மேலே அச்சிட்டிருந்தது.
நான் நகலெடுத்த தாள்தான்.

கையைத் தூக்கியிருக்க வேண்டும்:
சொந்தம் உண்டு, சார், வெளியே போகிறேன்.
தூக்கவில்லை.

"ஊதின அளவ அவங்களுக்குச் சொல்லலியே, ஏன்?"
பயந்துவிடுவார்கள் என்றார் டாக்டர்.
"சொல்லணும் சார். வாயால. தமிழ்ல.
சோலிய விட்டு உக்காந்ததுக்குக் கூலியும்."
கூலி ஆசைகாட்டுதல் ஆகிவிடுமாம்.
என் ஐந்நூறு ரூபாய்
உறைக்குள் மேஜைமேல் இருந்தது.

நிபந்தனையோடு நிறைவேறியது.
கூலி கிடையாது. அளவைச் சொல்வார்கள்.
நடவடிக்கைக் குறிப்பில் எனக்கு ஒரு வரி:
'உறுப்பினர் ஒன்பது விளக்கம் கோரினார்.'

"என்னாச்சு அண்ணாச்சி?" என்று ஜெபக்கனி எழுந்தாள்.
உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது,
அதற்கும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"திருத்தின படிவம் வரும்லா, நம்ம கடைக்கே கொண்டாம்மா."

சாயங்காலம் முக்கூடல் பஸ்ஸில் நிற்க இடமில்லை.
சொர்ணக்கிளி சுளகை மடியில் வைத்து
நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டிருந்தாள்.
கழிவுக்குப் போக எண்ணூறுதான் தேறியதாம்.
"இன்னைக்கு என்ன கூட்டம்?"
"சும்மா, தாளுதான்."

ராத்திரி இருமி முடித்ததும்
சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
குழாயில் ஊதியதை அவள் சொல்லவில்லை.
பார்த்ததை நானும்.
தூங்குகிற மாதிரிக் கிடந்தேன்,
மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு.